எந்தப் படிப்புக்கு எந்த ஊரில் வேலை? மலையகப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் எங்கள் டிவிஷன் கோயில் மண்டபத்தில் உட்கார இடம் இருக்காது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். சிலரோடு அம்மாவும் வருவார், கொழுந்து நிறுவை முடிந்த கையோடு. நான் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, பேராதனையில் கலைப் பட்டம் எடுத்து, மூன்று வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்து, அப்புறம் ஆசிரியையானவள். வருடா வருடம் அங்கே கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தப் பிரிவு எடுத்தால் கட்டாயம் வேலை கிடைக்கும், டீச்சர்?

இந்தக் கேள்வியில் ஊர் இல்லை. ஊரையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

கணினியில் டிப்ளோமா முடித்த பிள்ளை கொழும்பில் பல இடங்களுக்கு விண்ணப்பம் போடலாம். அதே சான்றிதழோடு பொகவந்தலாவையில் இருந்தால் போட்டோக்கொப்பிக் கடைதான் மிஞ்சும். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மேல் மாகாணத்திலிருந்து வருகிறது. வங்கித் தலைமையகங்கள், மென்பொருள் நிறுவனங்கள், துறைமுகம், காப்புறுதி, விளம்பரம் எல்லாம் அங்கே. தேயிலை வளர்வது நம் மலையில், ஏலம் நடப்பது கொழும்பில். ஆகவே தேயிலையை ஏற்றுமதி செய்கிற, கணக்குப் பார்க்கிற, சுவை பார்த்து விலை சொல்கிற உத்தியோகங்களும் பெரும்பாலும் அங்கேதான்.

நம் பக்கம் மாதச் சம்பளம் தருகிற இடங்களை எண்ணிவிடலாம்: பாடசாலை, ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம், தோட்ட நிர்வாகம், தேயிலைத் தொழிற்சாலை, ஹோட்டல், வங்கிக் கிளை, டவுன் கடைகள். இவற்றுக்கு வெளியே மரக்கறித் தோட்டமும் சொந்தத் தொழிலும். ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் அன்றே, "இந்த வேலை எந்த ஊரில் இருக்கிறது? அங்கே போய் இருக்க என்னால் முடியுமா?" என்று கேட்டுவிட வேண்டும். படித்து முடித்த பிறகு கேட்டால் வருடங்கள் போய்விடும். எனக்குப் போனது அப்படித்தான்.

கலைப்பிரிவு படித்தால் வேலையே இல்லை என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. இலங்கையில் பட்டதாரி வேலையின்மை என்று பேசும்போது அதில் பெரும்பகுதி கலைப் பட்டதாரிகள்தான், அதிலும் பெண்கள்தான். காரணம் பிள்ளைகளின் மூளை அல்ல. தமிழ், வரலாறு, இந்து நாகரிகம், அரசறிவியல் என்று படித்து வரும் பட்டதாரிக்குத் தனியார் துறையில் கதவு குறைவு. அரசாங்கம்தான் ஆட்சேர்ப்பு செய்ய வேண்டும். அது வருடா வருடம் நடப்பதில்லை. 2020இல் 50,000 பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுப்பதாக அறிவித்து மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு தந்தார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு அரச ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டது. ஒரு வருடம் முந்திப் படித்தவர் வேலையில், பிந்தியவர் வீட்டில்.

ஆனால் நம் பிள்ளைகளில் பலர் கலைப்பிரிவை விரும்பி எடுக்கவில்லை. தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் தமிழ்மொழியில் இரசாயனவியலோ பௌதிகவியலோ இணைந்த கணிதமோ படிப்பிக்க ஆள் இல்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகூட, பக்கத்தில் இருக்கிற பாடசாலையில் கலை மட்டும் இருப்பதால் அதில் போய் உட்காருகிறது. நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். இதைப் பிள்ளையின் தவறாக யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, கலை எடுத்தாயிற்று. இனி என்ன? பாடச் சேர்க்கையைக் கவனியுங்கள். புவியியல், பொருளியல், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவற்றில் முடிந்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புவியியல் படித்தவர் கணினியில் வரைபடம் தயாரிக்கப் பழகிக்கொண்டால் மண்சரிவு, காணி, நகரத் திட்டமிடல் சார்ந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். நம் மலையில் அந்த வேலைக்குத் தேவை தீரப்போவதில்லை. பல்கலைக்கழகத்தில் இருக்கிற காலத்திலேயே சிங்களமும் ஆங்கிலமும் எழுத வாசிக்கப் பழகிவிடுங்கள். நான் பேராதனையில் இருந்த வருடங்களில் விடுதி, விரிவுரை, நூலகம் மூன்றிலும் தமிழிலேயே பொழுதைக் கழித்தேன். சுற்றிலும் சிங்களம் பேசுகிற ஊரில் இருந்துகொண்டு ஒரு கடிதம் எழுதும் அளவுக்குக்கூட அதைப் படிக்கவில்லை. இன்றைக்கும் மனம் வலிக்கிற விஷயம் இது.

பல்கலைக்கழகம் போக நுவரெலியா மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவுதானே? அதனால் லாபம் இல்லையா?

லாபம் உண்டு. ஆனால் எந்தப் பிரிவுக்கு என்று பார்க்க வேண்டும். விஞ்ஞானம், கணிதம், வர்த்தகம் போன்றவற்றில் அனுமதி பொதுவாக மூன்றாகப் பிரியும்: 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் இருக்கின்றன. கண்டியும் மாத்தளையும் கேகாலையும் இல்லை.

கலைப்பிரிவுக்கு இந்த மாவட்ட ஒதுக்கீடு கிடையாது. அது அகில இலங்கைத் தகுதி அடிப்படையில் போகிறது. அதாவது சட்டம் நமக்குத் தந்திருக்கிற உதவி பயன்படுகிற பிரிவுகளில் நம் பிள்ளைகள் குறைவு, நிறையப் பேர் இருக்கிற பிரிவில் உதவி இல்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். விஞ்ஞானமும் கணிதமும் இருக்கிற பாடசாலை ஹட்டனிலோ பதுளையிலோ இருந்தால், பஸ் செலவைப் பார்க்காமல் பிள்ளையை அங்கே சேர்க்க முயலுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மாவட்ட ஒதுக்கீடு பல்கலைக்கழக வாசல்வரைதான் கூட்டிப் போகும். நேர்முகப் பரீட்சையில் கொழும்புப் பிள்ளையும் நீங்களும் ஒரே வரிசைதான்.

மகள் பயோ எடுத்தாள். மருத்துவபீடம் கிடைக்கவில்லை. மூன்றாம் தரமும் எழுத வைக்கலாமா?

பிள்ளை விரும்பினால், புள்ளி கிட்டத்தட்ட வந்திருந்தால் எழுதட்டும். தூரமாக இருந்தால் வேண்டாம். உயிரியல் பிரிவில் மருத்துவம் ஒன்றுதான் இருக்கிறது என்று நாம் நினைப்பதால் நல்ல பாதைகள் கண்ணில் படாமல் போகின்றன.

தாதியர் பயிற்சியைப் பாருங்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தியடைந்தவர்களுக்கான மூன்று வருடப் பயிற்சி, பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு கிடைக்கும். கண்டியிலும் பதுளையிலும் தாதியர் பாடசாலைகள் உள்ளன. இந்திய உதவியோடு கட்டி 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா ஆஸ்பத்திரி 150 கட்டில்கள் கொண்டது. அங்கே வருகிற நோயாளிகளில் பெரும்பாலானோர் தோட்டத்து மக்கள். "நெஞ்சு கரிக்குது", "இடுப்புக் கடுக்குது" என்று சொன்னால் அதைப் புரிந்துகொள்கிற தாதி அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! படிப்பும் ஊரும் பொருந்துகிற வேலை என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்தது விவசாயமும் தேயிலையும். பேராதனையில் விவசாயபீடம் இருக்கிறது. பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. ஐந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் பட்டத்தோடு தொழிற்சாலையிலும், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலும், கொழும்பு ஏற்றுமதிக் கம்பனியிலும் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். பெறுபேறு வந்து அனுமதி கிடைக்கும்வரை இருக்கிற மாதங்களை ஆங்கிலத்துக்கே கொடுங்கள்.

வர்த்தகப் பிரிவு எப்படி?

நம் பகுதியில் கவனிக்காமல் விட்டிருக்கிற நல்ல பிரிவு என்பேன். ஆய்வுகூடம் தேவையில்லை, அதனால் சின்னப் பாடசாலையிலும் நடத்தலாம். கணக்கீடு தெரிந்தவருக்கு ஹட்டன் கடைத்தெருவிலும் வேலை, கொழும்பிலும் வேலை. கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் கழகத்தின் ஏ.ஏ.டி. பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். பெறுபேற்றுக்குக் காத்திருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

தொழில்நுட்பப் பிரிவு எடுத்தால் மதிப்பில்லை என்கிறார்களே?

2013இல் தொடங்கிய பிரிவு, ஆகவே பெற்றோருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். உங்கள் பாடசாலையில் பட்டறையும் ஆசிரியரும் இருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பெயருக்கு நடக்கிற வகுப்பில் சேர வேண்டாம்.

ஆசிரியர் வேலைதானே நமக்கு நல்லது? வீட்டுக்குப் பக்கம், பென்ஷனும் உண்டு.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டதிலிருந்து நம் தாத்தா பாட்டிமார் அரசாங்க உத்தியோகத்தைக் கனவில்கூட நினைக்க முடியாதவர்களாக இருந்தார்கள். நாடற்றவர் பிரச்சினையை முடிக்கிற சட்டம் 2003இல்தான் வந்தது. அதனால் ஒரு வீட்டில் டீச்சர் வந்தால் லயம் முழுக்கக் கொண்டாடுகிறது. எனக்கு நியமனம் வந்த நாளில் என் அம்மா அழுததை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் என்பதுதான் கேள்வி. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம், இரண்டாம் மொழிச் சிங்களம் ஆகியவற்றுக்கு மலையகத்தில் ஆள் பற்றாக்குறை. வரலாறு, தமிழ், சமயப் பாடங்களுக்கு ஒரு வெற்றிடத்துக்குப் பலர். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்கு வர்த்தமானியில், அதாவது அரசாங்க அறிவித்தல் பத்திரிகையில் விண்ணப்பம் கோரும்போது பாடநெறிப் பட்டியலை முழுக்க வாசித்து, போட்டி குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வருடம் விடுதியில், ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. பட்டம் எடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பதைவிட உறுதியான பாதை இது. 2015 காலத்தில் நம் இளைஞர்கள் 6000 ரூபாய் கொடுப்பனவுக்கு ஆசிரிய உதவியாளர்களாகப் போய், நிரந்தரமாவதற்கு வருடக்கணக்கில் போராடியதையும் மறக்க வேண்டாம். நியமனக் கடிதத்தில் என்ன பதவி, என்ன சம்பளம் என்று வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

சிங்களம் தெரியாமல் வேலை எடுக்க முடியாதா?

எடுக்கலாம். தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றில் காலம் முழுக்கச் சிங்களம் இல்லாமல் வேலை செய்ய முடியும். ஆனால் அதற்கு வெளியே வந்தால் கஷ்டம்.

இதை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிங்களமும் தமிழும் இரண்டும் அரசகரும மொழிகள். 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அப்படியிருந்தும் நுவரெலியா, பதுளை அலுவலகங்களில் தமிழில் படிவம் நிரப்பிக் கொடுத்தால் வாசிக்க ஆள் தேடுகிற நிலை இன்னும் தீரவில்லை. பொலிஸ் நிலையத்தில் ஒரு தோட்டத்து அம்மாவின் முறைப்பாட்டை அவர் சொன்னபடியே எழுத ஆள் இல்லை. மொழிபெயர்ப்பாளர், நீதிமன்ற உரைபெயர்ப்பாளர், இருமொழித் தட்டச்சாளர் ஆகிய எல்லாப் பதவிகளுக்கும் பற்றாக்குறை. பேச்சுச் சிங்களம் நம் பிள்ளைகள் பலருக்கு ஏற்கெனவே வரும். எழுத்தையும் இலக்கணத்தையும் ஒரு வருடம் உட்கார்ந்து படித்தால், கொழும்புத் தமிழ்ப் பிள்ளையோ யாழ்ப்பாணத்துப் பிள்ளையோ எளிதில் பிடிக்க முடியாத இடத்துக்கு நீங்கள் போய்விடலாம். அரசகரும மொழிகள் திணைக்களம் நடத்துகிற பரீட்சையில் சித்தியடைந்து அந்தச் சான்றிதழைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

படித்துவிட்டுத் தோட்டத்திலேயே வேலை பார்க்கலாமா? கேவலமாகப் பேசுவார்களே?

பேசட்டும். பெயர் பதிந்து கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற வேலையை நான் சொல்லவில்லை. அதற்கு 2021இல் நாள் சம்பளம் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய் என்று நிர்ணயமானது. அந்த 2024 கணக்கில் மாதம் 25 நாளும் பெயர் விழுந்தால்கூட 33,750 ரூபாய்தான் வந்தது. அந்தப் பணத்தில்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள். ஆனால் அதே தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர், கிளாக்கர், தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கர், பிள்ளைப் பராமரிப்பு நிலைய உத்தியோகத்தர், நலன்புரி உத்தியோகத்தர், உதவி முகாமையாளர் என்று படித்த வேலைகள் இருக்கின்றன. தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் இதற்கான சான்றிதழ், டிப்ளோமாப் பாடநெறிகளை நடத்துகிறது. டீமேக்கராக அனுபவம் உள்ளவருக்கு இரத்தினபுரி, காலிப் பக்கத்துத் தனியார் தொழிற்சாலைகளிலும் இடம் உண்டு. குடியிருக்க வீடும் சேர்ந்து கிடைக்கிற வேலை என்பதைக் கணக்கில் எடுங்கள்.

தம்பி சாதாரண தரமே சித்தியடையவில்லை. கொழும்பில் கடையில் நிற்கிறான்.

அவனுக்குக் கையில் என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள். சமையலா, வயரிங்கா, மேசன் வேலையா, குளிரூட்டி பழுதுபார்ப்பதா? வேலை செய்தே கற்றவர்களின் திறமையைச் சோதித்து என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கிற முறை இருக்கிறது. தொழில் பயிலுனர் பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவில் விசாரியுங்கள். வகுப்பில் உட்கார வேண்டியதில்லை, வேலையைச் செய்து காட்ட வேண்டும். நான்காம் மட்டம் கையில் வந்தால் கடை முதலாளியிடமும் பேசலாம், வெளிநாட்டுக்கும் விண்ணப்பிக்கலாம், டிப்ளோமாவுக்கும் ஏறலாம். கடையில் பத்து வருடம் நின்று சான்றிதழ் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்த அண்ணன்மார் நம் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். என் சொந்த அண்ணனும் ஒருவர். அவர் சமைக்காத சாப்பாடு இல்லை, காட்டுவதற்கு ஒரு காகிதம் இல்லை.

புதிதாகப் பழக நினைப்பவர்களுக்கு தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையங்களும் ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கின்றன. கண்டியிலும் பதுளையிலும் தொழில்நுட்பவியல் கல்லூரிகள் இருக்கின்றன. சேருமுன் பாடநெறி எந்த மொழியில் நடக்கிறது என்று கேட்டுவிடுங்கள். தமிழ்மொழி என்று விளம்பரத்தில் போட்டுவிட்டுச் சிங்களத்தில் நடத்திய வகுப்பிலிருந்து என் மாணவர்கள் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார்கள்.

சுற்றுலாத் துறையில் நமக்கு இடம் இருக்கிறதா?

ஹோட்டலில் பாத்திரம் கழுவுவதற்கும் தோட்டம் கூட்டுவதற்கும் மட்டும்தான் நம்மைக் கூப்பிடுவார்கள் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. எல்ல, நுவரெலியா, அப்புத்தளை மூன்றும் வருடம் முழுக்க வெளிநாட்டவர் வருகிற இடங்கள். 2023இலும் 2024இலும் அதிகமானோர் வந்தது இந்தியாவிலிருந்து. சீதா எலிய கோயிலுக்கு வருகிற தமிழ்நாட்டுக் குழுக்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்ல அனுமதிப்பத்திரம் பெற்ற வழிகாட்டிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் பேசுகிற பையனோ பெண்ணோ இந்தத் தொழிலில் முன்னுக்கு வரலாம். பண்டாரவளையில் சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் பாடசாலை உண்டு. சமையல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு என்று பாடநெறிகள் இருக்கின்றன. ஒரு குறை: சீசன் இல்லாத மாதங்களில் வருமானம் இறங்கும்.

கொழும்புக்குப் போவதா, ஊரிலேயே இருப்பதா?

சம்பளத்தை மட்டும் ஒப்பிட வேண்டாம். போர்டிங் வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, பஸ், மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோகிற செலவு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று எழுதிப் பாருங்கள். கடை, காவல், சாதாரண லிகிதர் வேலை என்றால் பல சமயம் ஹட்டனில் குறைந்த சம்பளத்துக்கு இருப்பதும் ஒன்றுதான். கணினி, கணக்கீடு, சந்தைப்படுத்தல் போன்ற துறை என்றால் போக வேண்டும். அங்கே இரண்டு வருடத்தில் கற்பதை இங்கே ஐந்து வருடத்திலும் கற்க முடியாது. அந்த அனுபவத்தோடு திரும்பிவந்து கண்டியில் வேலை எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பெண்பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். அம்மாமாரிடம் நான் அதைத் தட்டிப் பேசுவதில்லை. வேலை செய்யும் இடத்தையும் தங்கும் இடத்தையும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அறை எடுக்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் பயம் என்றால், வீட்டிலிருந்து போய்வரக்கூடிய வேலைக்கான படிப்பை முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும்: தாதி, ஆசிரியை, வங்கி, பிரதேச செயலகம். தூரத்தில் மட்டும் வேலை இருக்கிற படிப்பைப் படிக்க வைத்துவிட்டு, பிறகு போகவிடாமல் தடுப்பதுதான் பிள்ளைக்கு நாம் செய்கிற பெரிய அநியாயம்.

ஏஜென்சிக்காரர் வெளிநாட்டு வேலை என்று காசு கேட்கிறார்.

காசு கொடுக்குமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, இந்த வேலைக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். விசிட் விசாவில் போய் வேலை எடுக்கலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு 28 வயது. கலைப் பட்டம், வேலை இல்லை. இனி என்ன செய்வது?

தங்கச்சி, நான் இருந்த இடம் அது. அந்த மூன்று வருடமும் வர்த்தமானியைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாகத்தான் போயிற்று. கல்யாண வீட்டுக்குப் போனால் "இன்னும் வேலை இல்லையா?" என்று கேட்பார்கள் என்று போகவே மாட்டேன்.

இந்த வாரம் செய்ய மூன்று வேலை சொல்கிறேன். சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்து நான்கு பிரதி அடித்து ஒரு கோப்பில் வையுங்கள். அறிவித்தல் வந்தபிறகு தேடினால் திகதி தவறிவிடும். அடுத்து, வர்த்தமானி வெள்ளிக்கிழமை வெளியாகும், அதைத் தமிழில் தவறாமல் பாருங்கள். கிராம உத்தியோகத்தர், முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் போன்ற போட்டிப் பரீட்சைகளுக்கு உயர்தரமே போதும், பட்டம் எடுத்ததால் அவற்றை விட்டுவிட வேண்டாம். வயதெல்லையை மட்டும் கவனியுங்கள். மூன்றாவது, ஒரு சிங்கள எழுத்துப் பயிற்சிக் கொப்பி வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மண்டபத்துக்கு வாருங்கள். நானும் உங்களைப் போல 28 வயதில்தான் அயன்ன, ஆயன்ன எழுதத் தொடங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.